ஒரு ஞாயிறு, ஒரே இடம்

கேள்வி: நாங்கள் அம்பத்தூரில் வசிக்கிறோம். மகனுக்கு ஒன்பது வயது, மகளுக்கு நான்கு. கணவருக்குத் தொழிற்பேட்டையில் வேலை. ஞாயிறு மட்டும்தான் விடுமுறை. மாமியாரும் எங்களோடு இருக்கிறார். அவருக்கு முழங்கால் வலி. ஞாயிறுதோறும் குழந்தைகளை எங்காவது அழைத்துப்போகிறோம். பெரும்பாலும் மால்தான். அங்கே ஏசி இருக்கிறது, சுத்தமான கழிப்பறை இருக்கிறது. ஆனால் இரண்டாயிரம் ரூபாய்க்குக் குறையாமல் செலவாகிறது. கிளம்பும் நேரத்தில் மகள் தரையில் புரண்டு அழுகிறாள். மகன் எதைக் காட்டினாலும் 'போர் அடிக்கிறது' என்கிறான். பஸ்சில் போனால் மகளுக்கு வாந்தி வருகிறது. வீடு திரும்பும்போது எங்கள் இருவருக்கும் சண்டை. சென்னையில் குழந்தைகளோடு நிம்மதியாகப் போய்வர இடமே இல்லையா? குறை இடத்திலா, என் வளர்ப்பிலா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். உங்கள் வளர்ப்பில் ஒரு குறையும் இல்லை. பெற்ற பிள்ளை பொது இடத்தில் தரையில் புரண்டு அழும்போது, சுற்றி நிற்பவர்களின் பார்வை எப்படிக் குத்தும் என்று எனக்குத் தெரியும். நானும் இரண்டு பிள்ளைகளை இதே ஊரில் வளர்த்தவள்தான்.

குழந்தைநல மருத்துவராகத் திங்கட்கிழமைக் காலைகள் எனக்கு நன்றாகப் பழக்கம். ஊரில் ஞாயிற்றுக்கிழமை எப்படிப் போயிற்று என்பது அன்றைய வரிசையைப் பார்த்தாலே தெரிந்துவிடும். இரவெல்லாம் வாந்தி எடுத்த பையன், அழுது அழுது தொண்டை கட்டிக்கொண்ட குழந்தை, நாள் முழுவதும் சிறுநீரை அடக்கிவைத்துவிட்டு இப்போது எரிகிறது என்று நெளியும் சிறுமி, பக்கத்தில் தூக்கம் கெட்ட கண்களோடு அப்பா. 'நேற்று எங்கே போனீர்கள்?' என்று கேட்டால் ஒரு நீண்ட பட்டியல் வரும். காலையில் கோயில், பிறகு துணிக்கடை, மதியம் ஓட்டல், சாயங்காலம் வரை மால், இருட்டும் நேரத்தில் கடற்கரை, திரும்பும் வழியில் அத்தை வீடு. கேட்கும் எனக்கே மூச்சு வாங்கும்.

சென்னையில் இடத்துக்குப் பஞ்சமில்லை. ஒரே நாளில் எல்லாவற்றையும் திணிப்பதுதான் தொல்லை. இத்தனை ஆண்டுகளாக என்னிடம் வரும் பெற்றோருக்குச் சொல்லிவருவதையே உங்களுக்கும் சொல்கிறேன்: ஒரு ஞாயிற்றுக்கு ஒரே இடம், அதுவும் காலை வேளை மட்டும். மதியச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருங்கள்.

உங்கள் மகள் ஏன் அழுகிறாள் என்பதைப் பார்ப்போம். நான்கு வயதுக் குழந்தைக்கு, பகல் தூக்கத்தையும் சேர்த்து நாளொன்றுக்கு 10 முதல் 13 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டு வழிகாட்டுதலில் சொல்லியிருக்கிறது. மாலுக்குப் போகும் குடும்பங்கள் பெரும்பாலும் உள்ளே நுழைவது மதியத்துக்கு மேல். அது அவள் கண் சொக்கும் நேரம். அந்த நேரத்தில் பளிச்சிடும் விளக்குக்கும் காதைப் பிளக்கும் சத்தத்துக்கும் நடுவே அவளை நிறுத்துகிறோம். அங்குள்ள விளையாட்டு ஒவ்வொன்றும் இரண்டு மூன்று நிமிடத்தில் முடிந்து, அட்டையை மறுபடி தேய்க்கச் சொல்கிறது. ஆசை தீருவதற்குள் அடுத்த ஆசை. எதிலும் அவள் மனம் நிறையவே இல்லை. அப்படியிருக்கும்போது 'போகலாம்' என்று கையைப் பிடித்து இழுத்தால் அவளுக்குத் தெரிந்த ஒரே வழி அழுவதுதான். இதைப் பிடிவாதம் என்று நான் சொல்லமாட்டேன். தூக்கமும் பசியும் களைப்பும் சேர்ந்த அழுகை அது.

மாலுக்குப் போகவே கூடாது என்று சொல்லவில்லை. அக்னி நட்சத்திர வெயிலிலும் ஐப்பசி அடைமழையிலும் அது உதவும். காலையில் திறந்தவுடன் போய், சாப்பாட்டு நேரத்துக்குத் திரும்பிவிடுங்கள்.

இனி பயணம். பஸ் வாந்திக்கும் நீங்கள் ஏறும் வண்டிக்கும் நெருங்கிய தொடர்பு இருக்கிறது. வண்டி குலுங்குவதைக் காதின் உட்பகுதி உணர்கிறது. ஆனால் கண்ணுக்கு எதிரே தெரிவதோ அசையாமல் நிற்கும் முன் இருக்கையின் முதுகு. இரண்டும் முரண்படும்போது குமட்டுகிறது. இரண்டு வயதுக்கு மேல் பன்னிரண்டு வயது வரை இது சகஜம். வளர வளரக் குறையும். நின்று நின்று, வளைந்து வளைந்து போகும் பஸ்சைவிட ரயிலில் இது மிகவும் குறைவு. நீங்கள் இருப்பதோ அம்பத்தூர். மின்சார ரயில் வீட்டு வாசலில் ஓடுகிறது. ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட உங்கள் மகளுக்கு அதில் டிக்கெட்டும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ரயில்கள் குறைவு என்பதால் முந்தின நாளே நேரம் பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். அவளை ஜன்னலோரம் உட்காரவைத்துத் தூரத்து மரங்களைப் பார்க்கச் சொல்லுங்கள். கையில் கைபேசியைக் கொடுக்காதீர்கள். ஓடும் வண்டியில் அதைக் குனிந்து பார்த்தால் குமட்டல் அதிகமாகும். கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பு இரண்டு இட்லி போதும். வெறும் வயிறும் கூடாது, முட்டச் சாப்பிட்ட வயிறும் கூடாது. பஸ்சில்தான் போயாக வேண்டுமென்றால் முன்பக்க இருக்கையாகப் பாருங்கள். மாத்திரையை நீங்களாக வாங்கிக் கொடுக்காமல், வழக்கமாகக் காட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்த ரயில் உங்களைக் கொண்டுவிடும் சென்ட்ரலிலிருந்தே தொடங்குகிறேன். புறநகர் ரயில்கள் நிற்கும் கட்டடத்துக்கு இன்றும் மூர் மார்க்கெட் வளாகம் என்றுதான் பெயர். உங்கள் மாமியார் சென்னையில் வளர்ந்தவராக இருந்தால் அவரிடம் 'உயிர் காலேஜ்', 'செத்த காலேஜ்' என்று சொல்லிப் பாருங்கள், முகம் மலரும். மூர் மார்க்கெட்டை ஒட்டியிருந்த மிருகக்காட்சிசாலை உயிர் காலேஜ். எழும்பூர் அருங்காட்சியகம் செத்த காலேஜ். மிருகக்காட்சிசாலையே 1855இல் அந்த அருங்காட்சியகத்தின் வளாகத்தில் பிறந்ததுதான். பிறகு மூர் மார்க்கெட் பக்கம் போய், 1985இல் வண்டலூரில் குடியேறியது. ரயிலில் பாட்டி பேரனுக்குச் சொல்ல இதைவிட நல்ல கதை கிடைக்காது. பாட்டிமார்களை நாம் கைப்பையைப் பார்த்துக்கொள்ள உட்காரவைத்துவிட்டுப் போய்விடுகிறோம். அவர்களை வழிகாட்டியாக்கினால் பேரப்பிள்ளைகள் விட்டு நகரமாட்டார்கள்.

எழும்பூர் அருங்காட்சியகம் 1851இல் தொடங்கியது. சென்ட்ரலிலிருந்து மெட்ரோவில் ஒரே நிலையம். லிஃப்ட் இருப்பதால் மாமியாருக்குப் படியேறும் பாடு இல்லை. 90 சென்டிமீட்டருக்குக் குறைவான குழந்தைக்கு மெட்ரோவில் கட்டணம் கிடையாது. உங்கள் மகள் அந்த உயரத்தைத் தாண்டியிருப்பாள், அவளுக்கு ஒரு டிக்கெட் எடுத்துவிடுங்கள். எழும்பூரில் இறங்கியதும் ஓர் ஆட்டோ. வெள்ளிக்கிழமையும் தேசிய விடுமுறை நாட்களும் தவிர மற்ற நாட்களில் திறந்திருக்கும்.

உள்ளே போனதும் எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசையை விட்டுவிடுங்கள். அந்த வளாகத்தில் பல கட்டடங்கள் இருக்கின்றன. ஒரே நாளில் சுற்றினால் பெரியவர்களுக்கே கால் ஓயும். உங்கள் மகளுக்குத் திமிங்கலத்தின் எலும்புக்கூடு போதும். அதன் அடியில் நின்று, தலையிலிருந்து வால் வரை அவள் அடி வைத்து எண்ணட்டும். எத்தனை அடி என்பதை வீட்டுக்கு வந்த பிறகும் சொல்லிக்கொண்டிருப்பாள். மகனுக்கு வெண்கலச் சிலைகள். அங்கே ஒரு நடராஜர் இருக்கிறார். உலகமே வியக்கும் சோழர் காலச் சிலை. எந்த ஊரிலிருந்து வந்தவர் தெரியுமா? திருவாலங்காடு. உங்கள் அம்பத்தூர் வழியாக ஓடும் அதே அரக்கோணம் ரயிலில் ஏறினால் வரும் ஊர். நம் ரயில் பாதையில் இருக்கும் ஊர்க்காரர் என்று அறிமுகப்படுத்தினால், பையன்கள் சிலையைப் பார்க்கும் பார்வையே மாறிவிடும்.

என் மகனுக்கு எட்டு வயதாக இருக்கும்போது அந்தச் சிலைக்கு முன் நின்றோம். அவனும் இடது காலைத் தூக்கி, அதே போல் நிற்கப் பார்த்தான். பத்து எண்ணுவதற்குள் தள்ளாடினான். மறுபடி நின்றான். மறுபடி தள்ளாடினான். பிறகு தரையில் உட்கார்ந்து, சிலையின் காலடியைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, 'கீழே இருக்கிறவருக்கு முதுகு வலிக்காதா அம்மா?' என்று கேட்டான். முயலகனைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். கையிலிருந்த நோட்டில் முயலகனை மட்டும் வரைந்தான். நடராஜரின் ஒரு பாதத்தை மட்டும் மேலே போட்டு நிறுத்திவிட்டான். இவ்வளவுக்கும் முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. மற்ற சிலைகளைப் பார்க்காமலேயே வீட்டுக்கு வந்தோம். அடுத்த மாதம் அவனே, 'மறுபடி போகலாமா?' என்றான்.

உங்கள் மகனின் 'போர் அடிக்கிறது' பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒன்பது வயதுப் பையனை நான்கு வயதுத் தங்கையோடு சேர்த்துக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனால் அவனுக்குச் சலிக்கத்தான் செய்யும். அவனுக்கு ஒரு பொறுப்பு வேண்டும். டிக்கெட் வாங்கும் பணத்தை அவன் கையில் கொடுத்து, மீதிச் சில்லறையை எண்ணி வாங்கச் சொல்லுங்கள். எந்த நடைமேடை, எந்த ரயில் என்று அவன் பார்த்துச் சொல்லட்டும். தப்பான வண்டியில் ஏறப்போனால் மட்டும் நீங்கள் தடுங்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு எங்கே போவது என்பதை அவனே முடிவு செய்யட்டும்.

அவனுக்காகவே ஒரு ஞாயிறு வையுங்கள். சென்ட்ரலில் இறங்கி, பூங்கா நகர் நிலையத்துக்கு நடந்துபோனால் பறக்கும் ரயில். மொட்டை மாடிகளின் உயரத்தில் ஊரின் நடுவே ஓடும் அந்த ரயில் எனக்கு மிகவும் பிடிக்கும். வடகம் காயும் பாய், தொட்டிச் செடிகள், துணிக் கொடி, கீழே பக்கிங்காம் கால்வாய், சேப்பாக்கத்தில் கிரிக்கெட் மைதானம், கிரீன்வேஸ் சாலை தாண்டியதும் அடையாறு. கோட்டூர்புரத்தில் இறங்கினால் அண்ணா நூற்றாண்டு நூலகமும் பிர்லா கோளரங்கமும் ஒரே சாலையில் இருக்கின்றன. 2010இல் திறந்த நூலகத்தின் முதல் தளத்தில் குழந்தைகளுக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. நடுவே ஒரு செயற்கை மரம். அதன் கீழ் உட்கார்ந்து எந்தப் புத்தகத்தையும் எடுத்துப் படிக்கலாம். நுழைவுக் கட்டணம் இல்லை. கோளரங்கம் 1988இலிருந்து இயங்குகிறது. தமிழிலும் காட்சி உண்டு. அங்கே நான்கு வயதுக் குழந்தை இருட்டுக்குப் பயப்படலாம். அதனால் பிரிந்துவிடுங்கள். அப்பாவும் மகனும் நட்சத்திரம் பார்க்கட்டும். நீங்களும் மகளும் மரத்தடியில் படப்புத்தகம் பாருங்கள். குடும்பமாகப் போனால் எல்லோரும் எப்போதும் ஒட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்று ஒரு சட்டமும் இல்லை. அண்ணன் தங்கைக்கு இடையே ஐந்து வயது வித்தியாசம் இருக்கும் வீட்டில், அவ்வப்போது இப்படிப் பிரிவதே பாதிச் சண்டையைக் குறைக்கும். பறக்கும் ரயில் நிலையங்களில் படிகள் அதிகம். மாமியாரோடு போகும் நாளில் இந்தப் பாதை வேண்டாம்.

சின்னவளுக்கு மிகப் பொருத்தமான இடம் கிண்டி. ஒரு பெருநகரத்தின் நடுவே காடு இருப்பது எத்தனை அபூர்வம் என்பதை நாம் மறந்துபோய்விட்டோம். ஏறத்தாழ 2.7 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள கிண்டிக் காடு 1978இல் தேசியப் பூங்காவானது. புள்ளிமானும் வெளிமானும் அங்கே இயற்கையாகத் திரிகின்றன. அதை ஒட்டியே சிறுவர் பூங்கா. 2024இல் புதுப்பித்துத் திறந்திருக்கிறார்கள். மூன்று நான்கு வயதுக் குழந்தைகள் ஒரு நாளில் குறைந்தது மூன்று மணி நேரமாவது ஓடியாடி இருக்க வேண்டும். அடுக்குமாடி வீட்டில் அது நடக்காது. இங்கே தானாக நடந்துவிடும். மகனுக்கும் இதில் ஒரு லாபம் உண்டு. பகல் வெளிச்சத்தில் வெளியே விளையாடும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வருவது குறைவு.

பக்கத்திலேயே பாம்புப் பண்ணை, 1972இல் தொடங்கியது. மருத்துவராக நான் எல்லாப் பெற்றோருக்கும் சொல்லும் இடம் இது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்கையும் கண்ணாடிக்குப் பின்னால் நிதானமாகப் பார்த்த பிள்ளை, சாரைப்பாம்பைக் கண்டு அலறமாட்டான். விரியனிடம் விளையாடவும் மாட்டான். பாம்பு கடித்தால் கீறக் கூடாது, இறுக்கிக் கட்டக் கூடாது, வாயால் உறிஞ்சக் கூடாது. கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் உடனே ஆஸ்பத்திரி. அந்த இடத்தில் நின்று சொன்னால் மனதில் பதியும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலி முதலைப் பண்ணைக்குப் போகும் வாய்ப்புக் கிடைத்தால் இன்னும் நல்லது. பாம்பைப் பிடித்து விஷம் எடுக்கும் இருளர்களின் கூட்டுறவுச் சங்கம் அந்த வளாகத்தில்தான் இருக்கிறது. பாம்புக்கடிக்கு நாங்கள் ஏற்றும் மருந்து அந்த விஷத்திலிருந்து தொடங்குகிறது. அந்த மனிதர்களை நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும்.

கிண்டிப் பூங்காவுக்கும் வண்டலூருக்கும் செவ்வாய்க்கிழமை விடுமுறை; உங்களுக்கு ஞாயிறு என்பதால் கவலையில்லை. வண்டலூர் 600 ஹெக்டேருக்கும் மேல். நான்கு வயதுக் கால் அதைத் தாங்காது. பேட்டரி வண்டியில் ஒரு பகுதியை மட்டும் பார்த்துவிட்டு வாருங்கள், அதுவும் மார்கழி, தை மாதங்களில். முட்டுக்காடு தட்சிணசித்ரா உங்கள் வீட்டிலிருந்து தூரம். ஆண்டுக்கு ஒரு முறை போதும். ஆனால் அந்த ஒரு முறை மாமியாரை விட்டுவிட்டுப் போகாதீர்கள். தென்னிந்தியக் கிராமங்களின் பழைய வீடுகளை அங்கே அப்படியே எழுப்பியிருக்கிறார்கள். திண்ணை, முற்றம், உரல் எல்லாம் அவர் புழங்கியவை. பலகை படித்துத் தெரிந்துகொள்ளும் வேலை பிள்ளைகளுக்கு இருக்காது.

கடற்கரை இல்லாமல் சென்னைப் பிள்ளைகளுக்கு ஞாயிறு இல்லை. மதியம் மூன்று மணி மணலில் குழந்தையை விடாதீர்கள். விடியற்காலை போங்கள், சூரியன் கடலிலிருந்து எழுவதைப் பார்க்கும் பாக்கியம் கிழக்குக் கரைக்காரர்களான நமக்குத்தான். நொச்சிக்குப்பம் பக்கம் படகுகள் கரையேறும் நேரம் அது. மெரினா ஏன் இவ்வளவு அகலம் என்று மகனுக்குச் சொல்லுங்கள்: துறைமுகம் கட்டிய பிறகு, தெற்கிலிருந்து அலை அடித்துக்கொண்டு வந்த மணல் அந்தத் தடுப்பில் தேங்கித் தேங்கிச் சேர்ந்தது. அதே காரணத்தால் வடக்கே ராயபுரம் பக்கம் கடல் கரையை அரித்தது. தண்ணீரில் கணுக்கால் நனைந்தால் போதும், கையைப் பிடித்தபடி. மெரினாவின் அடிநீரோட்டம் பெரியவர்களையே இழுத்துக்கொண்டு போய்விடும். இதில் மட்டும் எந்தச் சலுகையும் தராதீர்கள். கலங்கரை விளக்கத்தில் லிஃப்ட் இருக்கிறது, திங்கட்கிழமை விடுமுறை.

மாசி, பங்குனி மாதங்களில் ஒரு சாயங்காலத்தைப் பெசன்ட் நகருக்கு ஒதுக்கிவையுங்கள். காலை வேளை மட்டும் என்ற என் விதிக்கு ஆண்டில் ஒரே ஒரு விலக்கு இது. அன்று மகள் மதியம் நன்றாகத் தூங்கி எழட்டும். பங்குனி ஆமைகள் நம் கரையில் இட்ட முட்டைகளை மாணவர்களும் வனத்துறையும் பாதுகாத்து, பொரித்த குஞ்சுகளை இருட்டும் நேரத்தில் கடலில் விடுவார்கள். உள்ளங்கையில் அடங்கும் கறுப்புக் குஞ்சு, துடுப்புக் கால்களால் மணலைத் தள்ளித் தள்ளி நகரும். ஒரு காலடித் தடத்தின் பள்ளமே அதற்கு மலை போல. அலை வந்து தூக்கிக்கொண்டு போகும் கணத்தில் சுற்றி நிற்கும் அத்தனை பேரும் மூச்சை அடக்கிக்கொள்வார்கள். கைபேசி விளக்கை மட்டும் போடாதீர்கள். குஞ்சுகள் அந்த வெளிச்சத்தைக் கடல் என்று நினைத்துத் திரும்பிவிடும்.

உடம்பு தொடர்பாகச் சில வார்த்தைகள். தெருவில் விற்பதெல்லாம் கெடுதல் என்று நான் சொல்வதில்லை. கண்ணெதிரே சுட்ட சோளமும் ஆவி பறக்கும் இட்லியும் நல்லவையே. வெட்டிவைத்த பழமும் உடைத்த ஐஸும்தான் திங்கட்கிழமை என்னிடம் கொண்டுவந்து விடுகின்றன. வேர்க்கடலையையும் முழுத் திராட்சையையும் ஐந்து வயதுக்குட்பட்ட உங்கள் மகளிடம் கொடுக்காதீர்கள், ஓடும்போது நிச்சயமாகக் கூடாது, மூச்சுக்குழாயில் சிக்கும். எந்த இடத்துக்குப் போனாலும் நுழைந்தவுடன் கழிப்பறை எங்கே என்று கேட்டு, அவசரம் வருவதற்கு முன்பே ஒரு முறை அழைத்துப்போய்விடுங்கள். கழிப்பறைக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பெண் குழந்தைகளுக்குச் சிறுநீர்த் தொற்று எளிதில் வருகிறது.

காணும் பொங்கலன்று மெரினாவில் போலீஸார் குழந்தைகளின் கையில் பெற்றோரின் எண் எழுதிய பட்டை கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அதை நீங்கள் ஒவ்வொரு ஞாயிறும் செய்யுங்கள். மகளின் முன்கையில் பால்பாயின்ட் பேனாவால் உங்கள் எண்ணை எழுதுங்கள். கிளம்பும் முன் இருவரையும் அன்றைய உடையில் ஒரு படம் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். வழி தவறினால் நின்ற இடத்திலேயே நிற்கச் சொல்லிப் பழக்குங்கள். அழும் குழந்தையை அடக்க, 'போலீஸ்காரரிடம் பிடித்துக் கொடுத்துவிடுவேன்' என்று மட்டும் சொல்லாதீர்கள். கூட்டத்தில் தொலைந்துபோனால் அவள் ஓடிப்போய் நிற்க வேண்டிய ஆள் அவர்தான். அவரைக் கண்டு அவள் ஒளிந்துகொள்ளக் கூடாது. குழந்தைகளுக்கான உதவி எண் 1098 என்பதை மகனுக்கு மனப்பாடம் செய்துவையுங்கள்.

கிளம்பும்போது வரும் அழுகைக்கு வருகிறேன். நான்கு வயதுக்கு 'இன்னும் பத்து நிமிடம்' என்பது புரியாது. 'இன்னும் மூன்று முறை சறுக்கு, அப்புறம் கிளம்பலாம்' என்றால் புரியும். ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி முடியுங்கள். கடைசியில் டீக்கடையில் ஒரு பன், அல்லது ரயிலில் அப்பா மடி. அடுத்து என்ன வரும் என்று தெரிந்தால் குழந்தை இடத்தை விட்டு வரும். முதல் இரண்டு ஞாயிறு அழத்தான் செய்வாள். அப்போது பேசிப் புரியவைக்க முயலாமல் தூக்கிக்கொண்டு நடந்துவிடுங்கள்.

கடைசியாக உங்களைப் பற்றி. வெளியே போகும் நாளில் புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு போகச் சொல்வார்கள் எல்லோரும். நான் சொல்லமாட்டேன். அதற்கு நீங்கள் நான்கு மணிக்கு எழுந்திருக்க வேண்டும். உங்களுக்கும் அது ஞாயிற்றுக்கிழமைதான். வழியில் ஒரு நல்ல கடையில் இட்லி வாங்கிச் சாப்பிடுங்கள். தண்ணீர்ப் புட்டிகளை நிரப்புவதும் மாற்றுத் துணியை எடுத்துவைப்பதும் உங்கள் கணவர் பொறுப்பாக இருக்கட்டும். வாரத்துக்கு ஒரே ஒரு நாள் கிடைக்கும் மனிதருக்கும் மதியத் தூக்கம் வேண்டும். ஒரு மணிக்கு வீடு திரும்பிவிடுவோம் என்று தெரிந்தால் அவரும் முகம் சுளிக்காமல் வருவார். சண்டை பெரும்பாலும் பசியிலும் வெயிலிலும் நடப்பதுதான்.

வருகிற ஞாயிறு தொலைதூரம் எதற்கும் போகாதீர்கள். வில்லிவாக்கம் பக்கத்தில், ரயில் பெட்டித் தொழிற்சாலையை ஒட்டி, 2002இல் தொடங்கிய ரயில் அருங்காட்சியகம் இருக்கிறது. உங்களுக்குச் சில நிலையங்கள்தான். பழைய நீராவி எஞ்சின்களைப் பையன் சுற்றிச் சுற்றி வரட்டும். சிறுவர் ரயிலில் மகளை ஏற்றுங்கள். இரண்டு சுற்று என்று முதலிலேயே சொல்லி, இரண்டோடு நிறுத்துங்கள். மாமியாரை நிழலில் உட்காரவைத்து, கரி எஞ்சின் காலத்தில் கண்ணில் கரி விழுந்த கதையைக் கேளுங்கள். பன்னிரண்டு மணிக்கு ரயிலேறிவிடுங்கள். மகள் கொரட்டூர் வருவதற்குள் உங்கள் தோளில் தூங்கிவிடுவாள்; இறங்கும்போது எழுப்ப வேண்டாம், அவள் அப்பா தூக்கிக்கொள்ளட்டும்.

அன்புடன்,
உங்கள் குழந்தைநல மருத்துவர்